முழங்கால் உயரத்தில் ஒரு சன்னல்

2024 ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, பிலிப்பைன்ஸின் புலாக்கான் மாகாணத்தில் உள்ள ஹகோனோய் என்னும் ஊரில், ஒரு வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே இருந்த சன்னலின் அடிச்சட்டம் என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தது. முதலில் அது ஏதோ அந்த ஊர்க் கட்டட முறை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, சன்னல் கீழே இறங்கவில்லை, தரைதான் மேலே ஏறியிருக்கிறது. மணிலா விரிகுடாவின் ஏற்றத்தின்போது வீட்டுக்குள் புகும் தண்ணீரிலிருந்து தப்ப, அந்தக் குடும்பம் 15 ஆண்டுகளில் மூன்று முறை கட்டட இடிபாடுகளையும் மண்ணையும் கொட்டித் தரையை உயர்த்தி, மேலே சிமெண்ட் பூசியிருந்தது. கதவையும் மூன்று முறை மேலிருந்து அறுத்திருக்கிறார்கள். சன்னலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த வீட்டுக்குரியவர் சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் தங்கி, என் அம்மாவைப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். நாங்கள் அவரை ‘ஆத்தே’ என்றுதான் அழைத்தோம். தகாலோக் மொழியில் அக்காவுக்கு அதுதான் சொல். முதல் முறை அவர் அதைச் சொல்லிக் கொடுத்தபோது, மதுரைப் பக்கத்தில் வியப்புக்குச் சொல்லும் ‘ஆத்தே’ என்று கேட்டு என் அம்மா சிரித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. என்னை அவர் ‘குயா’, அதாவது அண்ணன், என்பார். அம்மா காலமான பிறகு அவர் விடுப்பில் ஊர் திரும்பியபோது, ஒருமுறை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அழைத்தார், நானும் போயிருந்தேன்.

நான் போன நாள் அங்கே தேசிய வீரர் நாள். 1896 ஆகஸ்டில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் புரட்சிக் குரல் எழுந்ததன் நினைவாக, ஆகஸ்டின் கடைசித் திங்கட்கிழமையை அந்த நாடு விடுமுறையாகக் கடைப்பிடிக்கிறது. ஆத்தேயின் தம்பி மகன், பன்னிரண்டு வயதுப் பையன், மறுநாள் பள்ளியில் கொடுக்க வேண்டிய கட்டுரையை அந்தத் தாழ்ந்த சன்னல் விளிம்பையே மேசையாக்கி எழுதிக்கொண்டிருந்தான். தலைப்பு: ‘நம் வீரர்களின் தியாகத்துக்கு நாம் தகுதியானவர்களா?’ அவன் எழுதியிருந்ததை ஆத்தே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நாம் தகுதியானவர்கள் அல்ல, ஏனென்றால் குப்பையை ஆற்றில் வீசுகிறோம், கைபேசியில் நேரத்தைக் கழிக்கிறோம், வெளிநாட்டுப் பொருள்களை விரும்புகிறோம், சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் இதே கேள்வி வரும், தானும் தன் தம்பியும் இதே பதிலைத்தான் எழுதினோம் என்றார் ஆத்தே.

முழங்கால் உயரச் சன்னலில் சாய்ந்துகொண்டு ஒரு சிறுவன் தன்னைத் தானே குற்றவாளியாக்கி எழுதிய அந்தப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்துதான் இந்தக் கட்டுரை எனக்குள் தொடங்கியது. கேள்வி தவறானதன்று. ஆனால் அது யாரிடம் கேட்கப்படுகிறது என்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது என்று அன்றே தோன்றியது. அடுத்த ஆண்டு வந்த செய்திகள் அந்த எண்ணத்தை உறுதியாக்கின.

முதலில் அந்த வீரர்கள் யார் என்பதையே கொஞ்சம் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸில் யாரையும் தேசிய வீரர் என்று சட்டப்படி அறிவிக்கும் ஆணை எதுவும் இல்லை. 1995இல் ஓர் அரசுக் குழு ஒன்பது பேரின் பட்டியலைப் பரிந்துரைத்தது, அது பரிந்துரையாகவே நின்றுவிட்டது. இருந்தாலும் ஹோசே ரிசால் யார் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். கண் மருத்துவர், நாவலாசிரியர், 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் தம் 35ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவருடைய வாழ்க்கையையும் இரண்டு நாவல்களையும் கல்விக்கூடங்களில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று 1956இல் ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கடுமையாக எதிர்த்தது. பாதிரிமார்களின் கொடுமையை அம்பலப்படுத்திய நாவல்களைப் பாடமாக்குவதை அது விரும்பாததில் வியப்பில்லை.

நாணயங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெசோவில் ரிசால், ஐந்து பெசோவில் ஆந்த்ரேஸ் பொனிஃபாசியோ, பத்தில் அபொலினாரியோ மபினி. இந்த ஐந்து பெசோ நாணயத்துக்கு ஒரு கதை உண்டு. 2017 வரை அதில் இருந்த முகம் நாட்டின் முதல் அதிபரான எமிலியோ அகினால்தோவுடையது. அவரை எடுத்துவிட்டுப் பொனிஃபாசியோவை வைத்தார்கள். தெரியாதவர்களுக்கு இது வெறும் வடிவமைப்பு மாற்றம். தெரிந்தவர்களுக்கோ 120 ஆண்டு காத்திருந்து வந்த ஒரு தீர்ப்பு போலத் தோன்றும், ஏனென்றால் 1897 மே 10 அன்று பொனிஃபாசியோ கொல்லப்பட்டது அகினால்தோவின் அரசு விதித்த தண்டனையின்படிதான்.

அந்தக் கதையைப் பள்ளி விழா மேடைகளில் அதிகம் சொல்வதில்லை. மணிலாவின் தோந்தோ பகுதியில் பிறந்து, பெற்றோரை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் செய்து விற்றுத் தம்பி தங்கைகளை வளர்த்த பொனிஃபாசியோ, 1892இல் கத்திபுனான் என்னும் இரகசிய இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர். புரட்சி வெடித்த பிறகு, 1897 மார்ச் 22 அன்று தெஹேரோஸில் கூடிய கூட்டத்தில் அவர் உள்துறை இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உடனே ஒருவர் எழுந்து, அந்தப் பதவிக்குச் சட்டம் படித்தவர்தான் வேண்டும் என்று ஆட்சேபித்தார். இயக்கத்தைத் தொடங்கியவரிடமே பட்டம் எங்கே என்று கேட்டார்கள். அவமானப்பட்டு அவர் கூட்டத்தைக் கலைத்தார், தேர்தல் செல்லாது என்றார். இரண்டு மாதத்துக்குள் கைது, விசாரணை, மலையடிவாரத்தில் தம்பி புரோகோப்பியோவுடன் மரணம். அவருடைய மனைவி கிரிகோரியா தெ ஹேசூஸ் கணவரைத் தேடிப் பல நாள் மலைகளில் அலைந்தார், உடல் கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஸ்பானியருக்குப் பின் ஆள வந்த அமெரிக்கருக்கு எதிரான போரில் மிகத் திறமையான தளபதியாக இருந்த அந்தோனியோ லூனாவை, கபானாத்துவானில், எதிரிப் படையினர் அல்ல, சொந்தப் படைவீரர்களே வெட்டிக் கொன்றார்கள்.

எனவே ‘வீரர்களுக்குத் தகுதியாக வாழ்தல்’ என்று சொல்லும்போது எந்த வீரருக்கு என்று கேட்பது குதர்க்கமன்று. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறார்கள். படிக்காதவனுக்குப் பதவி எதற்கு என்று கேட்ட குரலும் அந்தப் புரட்சிக்குள்ளிருந்து வந்ததுதான், அது இன்றும் ஓயவில்லை. வாக்காளர்களை ‘பணத்துக்கு விலைபோகும் பாமரர்கள்’ என்று மணிலாவின் படித்த வட்டங்களில் பேசும்போது எனக்குத் தெஹேரோஸ்தான் நினைவுக்கு வரும்.

மறதியையும் எளிதாகக் கேலி செய்யலாம். 2015இல் லூனாவைப் பற்றிய ஒரு திரைப்படம் அங்கே பெரும் வெற்றி பெற்றது. அதில் மபினியாக நடித்தவரிடம் கல்லூரி மாணவர்கள் சிலர், ‘படம் முழுக்க ஏன் உட்கார்ந்தே இருந்தீர்கள்’ என்று கேட்டார்களாம். கால்கள் செயலிழந்த நிலையில் நாட்டின் முதல் பிரதமராகப் பணியாற்றியவர் மபினி, அவர் நிலையை அறியாத மாணவர்களை எண்ணி நாடே தலையில் அடித்துக்கொண்டது. எனக்கு அந்த மாணவர்கள்மேல் கோபமில்லை. தெரியாததைக் கேட்டார்கள். ஆயிரம் பெசோத் தாளில், ஜப்பானியருக்குப் பணிய மறுத்து இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த மூவர், தலைமை நீதிபதி ஹோசே ஆபாத் சாந்தோஸ், தளபதி விசென்தே லிம், சாரணியர் இயக்கத்தை நிறுவிய ஹோசெஃபா யானெஸ் எஸ்கோதா ஆகியோர், இருந்தார்கள். 2022இல் வந்த புதிய நெகிழித் தாளில் அவர்களுக்குப் பதில் கழுகு வந்தது. 2024 டிசம்பரில் ஐந்நூறு, நூறு, ஐம்பது பெசோ நெகிழித் தாள்களிலும் மானும் பறவையும் காட்டுப்பூனையும் வந்தன. கழுகு அழகானதுதான், அழியும் நிலையில் உள்ளதுதான். ஆனால் மபினி ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கும் பிள்ளைகளை நொந்துகொள்வதற்கு முன், அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம்.

இனி புலாக்கானுக்குத் திரும்புகிறேன். ஹகோனோயிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, மாகாணத்தின் பெயரையே கொண்ட புலாக்கான் நகரம். மார்செலோ டெல் பிலார் பிறந்த ஊர். ரிசாலைப் போல அவரை உலகம் அறியாது, எனக்கோ அவர்தான் நெருக்கமானவர். வழக்கறிஞர், நையாண்டிக்காரர், பாதிரிமார் ஓதும் செபங்களைப் போலவே எழுதி அவர்களையே கிண்டல் செய்தவர். அருகிலுள்ள மலோலோஸில் 1888 டிசம்பர் 12 அன்று இருபது இளம்பெண்கள், தாங்கள் ஸ்பானிய மொழி கற்க ஓர் இரவுப் பள்ளி வேண்டும் என்று ஸ்பானியத் தலைமை ஆளுநரிடம் நேரில் மனுக் கொடுத்தார்கள். பங்குப் பாதிரியார் எதிர்த்தும் பள்ளி நடந்தது. அந்தப் பெண்களைப் பாராட்டி எழுதுங்கள் என்று ரிசாலிடம் கேட்டு, 1889இன் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுத வைத்தவர் டெல் பிலார்.

அவரே 1888இல் கைதுக்குத் தப்பி ஸ்பெயினுக்குப் போனார். மனைவி மார்சியானாவையும் இரு பெண் குழந்தைகளையும் விட்டுச் சென்றார். பிறந்த ஏழு குழந்தைகளில் எஞ்சியவர்கள் அந்த இருவர்தாம், சோஃபியாவும் அனிதாவும். அங்கே ‘லா சொலிதாரிதாத்’ என்னும் இதழை நடத்தினார். ஊரிலிருந்து ஆதரவாளர்கள் அனுப்பும் பணத்தில்தான் இதழும் நடந்தது, அவர் வயிறும் நிறைந்தது. பணம் வருவது குறைந்தது. உணவைத் தவிர்த்தார். குளிருக்கு இதமாகத் தெருவில் கிடந்த சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தார். கனவில் அனிதா மடியில் உட்கார்ந்திருக்கிறாள், சோஃபியா பக்கத்தில் நிற்கிறாள், ‘அப்பா, இங்கேயே இரு, மத்ரீதுக்குத் திரும்பிப் போகாதே’ என்கிறார்கள், விழித்தால் கண்ணீர் என்று வீட்டுக்கு எழுதினார். 1895 நவம்பரில் பணமில்லாமல் இதழ் நின்றது. 1896 ஜூலை 4 அன்று பார்சலோனாவில் காசநோயால் இறந்தார். புரட்சி தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை.

அந்தக் கனவைப் படித்தபோது எனக்கு ஆத்தேயின் அறை நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுச் சமையலறைக்கு அடுத்து, ஒற்றைக் கட்டில் மட்டும் கொள்ளும் அறை. சுவரில் அவருடைய மகளின் ஒளிப்படங்கள், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று. அவற்றில் இரண்டில் மட்டுமே தாய் உடன் இருந்தார். டெல் பிலார் காலத்தில் புலாக்கானிலிருந்து பணம் கடல் கடந்து வெளியே போயிற்று, ஊரின் விடுதலைக்காக ஒருவர் வெளியே பட்டினி கிடந்தார். இப்போது பணம் எதிர்த்திசையில் வருகிறது. 2024இல் மட்டும் வெளிநாடுகளிலிருந்து பிலிப்பைன்ஸ் மக்கள் ஊருக்கு அனுப்பியது 3,800 கோடி டாலருக்கும் அதிகம். குழந்தையின் கனவு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த மக்களுக்கு அங்கே ஒரு பட்டம் உண்டு: ‘பாகோங் பாயானி’, புதிய வீரர்கள். 1988இல் ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளர்களிடையே பேசிய அதிபர் கொரசோன் அக்கினோ அவர்களை அப்படி அழைத்தார். அது உள்ளன்போடு சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். ஊரில் வேலை தர முடியாத அரசு, வெளியேறியவர்களின் பிரிவைத் தியாகம் என்று பெயரிட்டுப் பாராட்டிவிட்டால், அதன்பின் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சிங்கப்பூரில் வாழும் எனக்கு இதன் மறுபக்கமும் தெரியும். இரு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஃபிளோர் கொன்தெம்பிளாசியோன் என்ற பணிப்பெண் 1995 மார்ச் 17 அன்று சாங்கியில் தூக்கிலிடப்பட்டபோது, அவர் குற்றவாளி அல்லர் என்று நம்பிய பிலிப்பைன்ஸ் கொதித்தது. சில மாதங்களில் புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அவசரமாக வந்தது. புதிய வீரர்களைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு ஒரு மரணம் தேவைப்பட்டிருந்தது.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்கு அருகில், ரிசாலுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆத்தே தன் தோழிகளோடு ஆர்ச்சர்ட் சாலையின் லக்கி பிளாசாவுக்குப் பணம் அனுப்பப் போவார். ஒருமுறை நான் அவரை அந்தக் கல்லுக்கு அழைத்துச் சென்றேன். 1896 செப்டம்பரில், கியூபாவில் மருத்துவப் பணிக்காகக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ரிசால் சிங்கப்பூர் வந்தபோது, உடன் பயணம் செய்த பெத்ரோ ரோஹாஸ் என்ற செல்வந்தர் இங்கேயே இறங்கிக்கொண்டார். நீயும் இறங்கிவிடு, பிரிட்டிஷ் மண்ணில் ஸ்பானியர் உன்னைத் தொட முடியாது என்று ரிசாலை வற்புறுத்தினார். ரிசால் இறங்கவில்லை, ஆளுநருக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்றார். சில வாரங்களில் கைதியாக அதே துறைமுகம் வழியே திரும்பக் கொண்டுவரப்பட்டார். நண்பர்கள் ஏற்பாடு செய்த வழக்கறிஞர் இங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போட்டார், தள்ளுபடியாயிற்று. இதை நான் ஆத்தேக்குச் சொன்னபோது அவர் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “ரோஹாஸ் பிழைத்துக்கொண்டாரா, குயா?” என்று கேட்டார். பிழைத்துக்கொண்டார் என்றேன். “அவரும் ஊருக்கு ஏதாவது அனுப்பியிருப்பார்” என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, பரிவோடு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் உண்மையான சண்டை ஒன்று வந்தது 2022இல். அந்த ஆண்டு மே 9 அன்று ஃபெர்தினாந்த் மார்கோஸின் மகன் மூன்று கோடியே பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளோடு அதிபரானார். தந்தை மார்கோஸ் 1972இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்தவர். அவர் ஆட்சியில் சித்திரவதைக்கும் கொலைக்கும் காணாமற்போதலுக்கும் ஆளானவர்கள் என 11,103 பேரை, பின்னாளில் ஒரு சட்டத்தின்கீழ் அரசே ஏற்று இழப்பீடு கொடுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ 1983 ஆகஸ்ட் 21 அன்று நாடு திரும்பிய விமானத்திலிருந்து இறங்கும்போதே சுடப்பட்டார். 1986 பிப்ரவரியில் லட்சக்கணக்கான மக்கள் ஈட்சா நெடுஞ்சாலையில் டாங்கிகளுக்கு முன் மண்டியிட்டுச் செபமாலை உருட்டி அந்த ஆட்சியை அகற்றினார்கள். 2016 நவம்பரில் அதே மார்கோஸ் உச்ச நீதிமன்ற அனுமதியோடு மாவீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இத்தனையும் தெரிந்த எனக்கு, மார்கோஸின் மகனுக்கு வாக்களித்தேன் என்று ஆத்தே சொன்னபோது ஆத்திரம் வந்தது. ‘உங்கள் அப்பா ஈட்சாவுக்குப் போனவர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்’ என்றேன்.

அவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. “போனார். நான்கு நாள் அங்கேயே கிடந்தார். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அவர் சாகும்போது முழங்கால் அளவு” என்றார்.

என் ஆத்திரம் முற்றிலும் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த வாக்கு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். கொன்றவரின் குடும்பத்தை, ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காத நிலையில், மீண்டும் அரியணையில் ஏற்றுவதை எந்த வறுமையும் நியாயமாக்கிவிடாது. அரிசி கிலோ இருபது பெசோவுக்கு என்ற வாக்குறுதி ஒரு காரணம், கைபேசியில் பரவிய ‘பொற்காலம்’ பற்றிய காணொளிகள் இன்னொரு காரணம். ஆனால் 1986க்குப் பின் முப்பத்தாறு ஆண்டுகள் ஆண்டவர்கள் அந்தப் புரட்சியை என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் என் ஆத்திரம் வெறும் பார்வையாளனின் ஆத்திரம். ஈட்சா முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1987 ஜனவரி 22 அன்று, நிலச் சீர்திருத்தம் கேட்டு அதிபர் மாளிகையை நோக்கி நடந்த விவசாயிகளில் பத்துக்கும் மேற்பட்டோர் மெந்தியோலா பாலத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ஈட்சாவில் நின்றவர்களில் பலருக்கு நிலம் வரவில்லை, வேலை வரவில்லை, அவர்கள் பிள்ளைகளுக்கு விமானச் சீட்டு வந்தது.

ஹகோனோயில் வெள்ளம் வருவதற்கான காரணங்கள் இரகசியமல்ல. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் நிலம் ஆண்டுதோறும் தாழ்கிறது, ஆறுகள் தூர்ந்துவிட்டன, மீன்பண்ணைகள் நீரோட்டத்தை அடைத்துக்கொண்டன, மேலே அணைகள் திறக்கும் நாளில் கீழே கடல் ஏறியிருந்தால் தண்ணீர் போக வழியில்லை. நான் அங்கே போவதற்கு ஒரு மாதம் முன்பு, 2024 ஜூலை 22 அன்று, நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில் அதிபர், 5,500க்கும் மேற்பட்ட வெள்ளத் தடுப்புப் பணிகள் முடிந்துவிட்டன என்று பெருமையோடு அறிவித்தார். இரண்டே நாளில் புயலின் தாக்கத்தால் மணிலாவும் சுற்றுவட்டாரமும் மூழ்கின. ஆத்தேயின் வீட்டுச் சுவரில் அந்தத் தண்ணீரின் பழுப்புக் கோடு இன்னும் ஈரமாகவே இருந்தது.

2025இல் உண்மை வெளியே வரத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்குள் 54,500 கோடி பெசோ மதிப்பில் 9,855 வெள்ளத் தடுப்புப் பணிகள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரர்கள் இருக்க, ஐந்தில் ஒரு பங்கு வேலை பதினைந்து நிறுவனங்களுக்கு மட்டும் போயிருந்தது. மிக அதிகமான பணிகள் பெற்றதாகக் கணக்கில் காட்டப்பட்ட மாகாணங்களில் முன்னணியில் இருந்தது புலாக்கான். ஆகஸ்டில் அதிபரே பாலிவாக் நகருக்குப் போய், ஐந்தரைக் கோடி பெசோவில் கட்டி முடிக்கப்பட்டதாகப் பணம் பெறப்பட்ட ஆற்றுச் சுவரைத் தேடினார். அங்கே சுவரே இல்லை. ‘பேய்த் திட்டங்கள்’ என்ற சொல் ஒரே வாரத்தில் எல்லார் வாயிலும் புகுந்தது.

ரிசாலின் இரண்டாம் நாவலின் முடிவில் ஒரு முதிய பிலிப்பைன்ஸ் பாதிரியார், இன்றைய அடிமைகள் நாளைய கொடுங்கோலர்கள் ஆவார்களென்றால் விடுதலை எதற்கு என்று கேட்கிறார். அந்த நாவல் 1891இல் வந்தது. அதைக் கட்டாயப் பாடமாகப் படித்துத்தான் அந்த மாகாணத்தின் பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் சட்டமன்றக்காரர்களும் பட்டம் பெற்றார்கள். தேசிய வீரர் நாளில் மாலை போடுகிறவர்களும் இவர்கள்தான். ஆற்றில் குப்பை வீசியதற்காகத் தன்னைத் தகுதியற்றவன் என்று எழுதிய பையனிடமிருந்து கேள்வித்தாளை வாங்கி இவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். தியாகத்துக்குக் கைம்மாறாகச் செய்ய வேண்டியதை, பள்ளிக்கூடமும் மேடைப்பேச்சும் ஒழுக்கப் பாடமாகச் சுருக்கி, நேரம் தவறாமை, தூய்மை, தாய்மொழிப் பற்று என்று எளியவர்களின் தலையில் வைத்துவிட்டன. டெல் பிலார் பட்டினி கிடந்தது யாரும் தெருவில் எச்சில் துப்பக்கூடாது என்பதற்காக அன்று. தம் மாகாணத்து மக்கள் செலுத்தும் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமைக்காக.

அந்தக் கேள்வியை மக்கள் கேட்டார்கள். 2025 செப்டம்பர் 21 அன்று, இராணுவச் சட்டத்தின் நினைவு நாளில், ரிசால் சுடப்பட்ட லுனேத்தா திடலிலும் ஈட்சாவிலும் பல்லாயிரம் பேர் கூடினார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ஆத்தே வேறொரு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்து சிங்கப்பூர் திரும்பியிருந்தார். லக்கி பிளாசா படிக்கட்டில் தோழிகள் ஆறு பேர் ஒரே கைபேசியைச் சுற்றிக் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். இங்கே அவர்கள் பதாகை பிடிக்க முடியாது, பிடித்தால் வேலை போகும். பாலிவாக் சுவரைப் பற்றி ஒருவர் பேசியபோது ஆத்தே உரக்கச் சிரித்தார், பிறகு வெகுநேரம் பேசவில்லை. 2022இல் யாருக்கு வாக்களித்தோம் என்ற பேச்சை அன்று நான் எடுக்கவில்லை.

தியாகத்துக்கு ஈடாக வாழ்கிறவர்கள் அங்கே இல்லை என்று யாராவது சொன்னால், நான் மூன்று காட்சிகளைச் சொல்வேன். 2007 மே மாதத் தேர்தலில், பட்டாங்காஸ் மாகாணத்தின் தாய்சானில், வாக்குச் சாவடியாக இருந்த பள்ளிக்கு ஆயுதமேந்தியவர்கள் தீ வைத்தபோது, அங்கே வாக்குகளைக் காத்து நின்ற ஓர் ஆசிரியை உயிரிழந்தார். 2016இல் ஒரு சட்டம் ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி கட்டாயமில்லை என்று ஆக்கிய பிறகும், ஒவ்வொரு தேர்தலிலும் அந்த மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியைகளே. 2017 ஆகஸ்டில் கலோகானில், போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் 17 வயது மாணவன் ஒருவனைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். பொனிஃபாசியோவின் மாபெரும் நினைவுச்சின்னம் நிற்கும் நகரம் அது. அண்டைவீட்டார் அஞ்சாமல் சாட்சி சொன்னதாலும் ஒரு கண்காணிப்புக் கேமரா பதிவாலும் மூன்று காவலர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 2021 ஏப்ரலில், ஊரடங்கில் வேலையிழந்தவர்கள் பெருகியபோது, கெசோன் நகரின் மகின்ஹாவா தெருவில் ஓர் இளம்பெண் ஒரு மூங்கில் வண்டியில் காய்கறியும் அரிசியும் வைத்து, முடிந்ததைக் கொடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அட்டையில் எழுதி வைத்தார். சில நாள்களில் நாடெங்கும் அத்தகைய வண்டிகள் முளைத்தன. அவரைப் பொதுவுடைமைக் கலகக்காரர் என்று சந்தேகிக்கவும் அரசுத்தரப்பில் ஆள் இருந்தார்கள். தகாலோகில் வீரருக்குப் ‘பாயானி’ என்று பெயர், ஊர்கூடிச் செய்யும் வேலைக்குப் ‘பாயானிஹான்’. இரண்டும் ஒரே வேர்.

கடந்த மழைக்காலத்துக்குப் பின் ஆத்தே நான்காம் முறையாகத் தரையை உயர்த்தப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு லாரி இடிபாட்டு மண் என்ன விலை, எத்தனை மூட்டை சிமெண்ட், கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி என்று ஒரு பழைய ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டு எனக்குக் காட்டினார். சன்னலை இந்த முறை அடைத்துவிடப் போகிறார்களாம். கூரையைத் தூக்கப் பணம் போதாது, அதனால் மின்விசிறியைக் கழற்றிவிடுவார்கள். தம்பி மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது, ஓராண்டில் நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டான், கையை உயர்த்தினால் விட்டம் தட்டுகிறது என்றார். கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் வந்தது என்று கேட்டேன். அது நினைவில்லை, ஆனால் அந்த ஆண்டு அடுத்த வெள்ளத்தில் நோட்டுப் புத்தகம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.